வறட்சியில் தண்ணீர்ப் பங்கீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்த இரண்டு கோடைகளில் குறைகேட்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தால் குரல்தான் மாறும், கேள்வி மாறாது. மூன்றாவது வாரத்தில் ஒரு பழைய நோட்டில் கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே எழுதிவைக்கத் தொடங்கினேன். இவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் காரணங்களைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

மழை இல்லேன்னு எங்களுக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு "வறட்சி நிலை"ன்னு தனியா ஒரு அறிவிப்பு?

அறிவிப்பு வந்தால்தான் விதி செல்லும். சாதாரண நாளில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு வாசலைக் கழுவினால், உள்ளாட்சியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தேதி முதல், எந்தப் பயன்பாட்டுக்குத் தடை, மீறினால் என்ன நடக்கும் என்று எழுதி வெளியிட்ட பிறகுதான் அபராதச் சீட்டுக்கு மதிப்பு. அதற்கு முன் கிழித்துக் கொடுத்த சீட்டை யாரும் எதிர்த்து வாதாடி ஜெயித்துவிடலாம்.

விவரமான ஊர்களில் நீர்மட்டம் இத்தனைக்கு இறங்கினால் முதல் நிலை, இத்தனைக்கு இறங்கினால் இரண்டாம் நிலை என்று மழை நன்றாகப் பெய்த வருடத்திலேயே கோடு கிழித்து வைத்துவிடுவார்கள். தொட்டி காலியான பிறகு கோடு கிழிக்கப் போனால் ஒவ்வொரு நிலைக்கும் பேரம்தான் நடக்கும். பேரம் முடிவதற்குள் இன்னும் ஓர் அடி இறங்கியிருக்கும்.

ஏரியில இன்னும் கால்வாசி தண்ணி கண்ணுக்குத் தெரியுதே. அதுக்குள்ள ஏன் பயமுறுத்தறாங்க?

கண்ணுக்குத் தெரிவது எல்லாம் குழாய்க்கு வராது. மதகுக்குக் கீழே நிற்பதும் சேற்றோடு கலந்ததும் எடுக்கக் கஷ்டமானவை. ஒரு கணக்குப் போடுவோம். ஏரியின் முழுக் கொள்ளளவு 100 பங்கு, இப்போது இருப்பது 25. அடியில் 10 பங்கை எடுக்க முடியாது என்றால் மிச்சம் 15. ஊர் நாளைக்குக் கால் பங்கு குடிக்கிறது என்றால் 60 நாள். வெயிலில் ஆவியாகப் போவதையும் கழித்தால் 50 நாள் வந்தாலே பெரிது. அடுத்த மழைக்கு 90 நாள் இருந்தால், இன்றைக்கே கையை இறுக்கியாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-ல் "பூஜ்ய நாள்" என்று ஒன்றை அறிவித்தது. அணைகளில் ஒரு சொட்டுக்கூட இல்லாத நாள் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் இருப்பு 13.5 சதவீதத்தைத் தொடும் நாளுக்குத்தான் அந்தப் பெயர். அன்றோடு வீட்டுக் குழாய்களை அடைத்துவிட்டு, பொது இடங்களில் ஆளுக்கு 25 லிட்டர் அளந்து கொடுப்பது என்று திட்டம். அந்த நாள் வரவே இல்லை. தள்ளிப் போய், தள்ளிப் போய், கடைசியில் மழை வந்துவிட்டது. நகரத்தின் அன்றாடப் பயன்பாடு சில வருடங்களுக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்திருந்தது. அதனால்தான் மழைவரை தாக்குப்பிடிக்க முடிந்தது.

ஒரு ஆளுக்கு நாளைக்கு எத்தனை லிட்டர்னு எப்படி முடிவு பண்றாங்க?

ஒரே எண் கிடையாது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க என்று அடிப்படைத் தேவை முழுவதற்கும் ஆளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேரிடர் முகாம்களில் உயிர் தாங்குவதற்கான கீழ்வரம்பு 15 லிட்டர். இந்த இரண்டுக்கும் நடுவிலோ சற்று மேலேயோதான் ஊர்கள் தங்கள் எண்ணை வைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பகுதி 2007-ல் 140 லிட்டர் என்றது. மெல்போர்ன் 2008 கடைசியில் 155 என்றது. கேப் டவுன் 2017-ல் 87 வரை வந்து, 2018 பிப்ரவரியில் 50-க்கு இறங்கியது.

50 லிட்டர் என்றால் என்னவென்று பார்க்க, என் வீட்டுக் குழாயடியில் 15 லிட்டர் வாளியை வைத்து மணி பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பல் துலக்கினால் 20 லிட்டர் போச்சு. பழைய ஃபிளஷ் தொட்டி ஒருமுறைக்கு ஒன்பது பத்து லிட்டர் இழுக்கும். ஒரு வாளிக் குளியல், அந்தத் தண்ணீரையே கழிவறைக்கு ஊற்றுவது, இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைப்பது என்று வைத்துக்கொண்டால் 50-க்குள் வாழலாம். சுகமாக இருக்காது. ஆனால் முடியும்.

எங்க வீட்ல எட்டு பேர். எதிர் வீட்ல ரெண்டே பேர். வீட்டுக்கு ஒரே அளவுன்னா இது என்ன நியாயம்?

நியாயமில்லைதான். மீட்டருக்கு வீட்டைத்தான் தெரியும், உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. அதனால் வீட்டுக்கு இத்தனை என்று அளவு வைக்கும் எந்த விதியிலும், ஆள் அதிகமுள்ள வீடு கூடுதல் ஒதுக்கீடு கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். பல ஊர்களில் இருக்கிறது. விண்ணப்பம் எங்கே என்று கேளுங்கள். ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் காகிதத்தில் வீணடிப்பவர் ஆகிவிடுவீர்கள்.

படுக்கையில் நோயாளி, கைக்குழந்தை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் அது தனிக் கணக்கு. மருத்துவச் சான்றோடு முதலிலேயே பதிந்துவிடுங்கள். அளவு தாண்டி அபராதம் வந்த பிறகு விளக்குவது இரட்டை வேலை.

செடிக்குத் தண்ணி விட வீட்டு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பார்க்கறாங்களே, இது என்ன ஜோசியமா?

கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2009-ல் எல்லா வீடுகளும் திங்கள், வியாழன் மட்டுமே தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம் என்று விதி போட்டது. பயன்பாடு குறைந்தது. ஆனால் சில மாதங்களில் தெருக்களில் பெரிய குழாய்கள் அடுத்தடுத்து வெடித்தன. ஓரிடத்தில் தீயணைப்பு வண்டியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. நிபுணர் குழு ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது. ஊர் முழுக்க ஒரே நாளில் குழாயைத் திறக்கும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது, மறுநாள் ஏறுகிறது. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியவில்லை. 2010-ல் விதியை மாற்றி, ஒற்றைப்படை எண் வீடுகளுக்கு மூன்று நாள், இரட்டைப்படைக்கு வேறு மூன்று நாள் என்று பிரித்தார்கள். பாரம் வாரம் முழுக்கப் பரவியது.

ஆக, எண் பார்ப்பது அழுத்தத்தைச் சமமாக வைக்க. கூடவே ஒரு வசதியும் உண்டு. இன்றைக்கு யார் முறை என்று தெருவில் போகிற யாருக்கும் தெரியும். காலை ஒன்பதுக்கு முன், மாலை ஆறுக்குப் பின் என்று நேரம் வைப்பது வெயிலில் ஆவியாவதைத் தவிர்க்க.

கார் கழுவறதுல அப்படி என்ன பெரிய தண்ணி மிச்சமாகப் போகுது? சும்மா கண்துடைப்புதானே?

பாதி உண்மை. ஊர் மொத்தக் கணக்கில் கார் கழுவும் தண்ணீர் சின்னதுதான். ஹோஸை நிமிடக் கணக்கில் திறந்துவிடுவது வேறு, ஒரு வாளியும் துணியும் வேறு. அதனால் பல விதிகள் ஹோஸைத் தடுத்துவிட்டு வாளியை விட்டுவைக்கும்.

இந்தத் தடையின் முக்கிய வேலை வேறொன்று. வீட்டுக்குள் நீங்கள் எத்தனை வாளி குளிக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் ஹோஸ் ஓடுவது தெரு முழுக்கத் தெரியும். "அவர் வீட்டில் ஓடுகிறது, நான் மட்டும் ஏன் குளிக்காமல் இருக்க வேண்டும்" என்று நாலு பேருக்குத் தோன்றிவிட்டால் அந்தத் தெருவில் சிக்கனம் அன்றோடு முடிந்தது. இந்த மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஏதாவது உண்டென்றால் அது இதுதான்: மற்றவரும் குறைக்கிறார் என்று கண்ணால் பார்த்தால் ஜனங்கள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைப்பார்கள். இதைக் கண்துடைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்க சொட்டு சொட்டா மிச்சம் பிடிக்கிறோம். தெருமுனையில குழாய் உடைஞ்சு ஆறா ஓடுது. முதல்ல அதை அடைக்க வேண்டாமா?

வேண்டும். இந்தக் கேள்விக்கு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் தலை குனிந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மக்களுக்கு விதி போடும் உள்ளாட்சி, புகார் வந்து எத்தனை மணி நேரத்தில் கசிவை அடைப்போம் என்று தனக்கும் ஒரு விதி போட்டுக்கொண்டு, எத்தனை புகார், எத்தனை சரிசெய்தோம் என்று வாராவாரம் வெளியே ஒட்ட வேண்டும். அது இல்லாத இடத்தில் அபராதம் போட்டால் சண்டைதான் வரும். புகார் சொல்லும்போது புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

அதே சமயம் உங்கள் வீட்டையும் ஒருமுறை பாருங்கள். இரவு படுக்கப் போகும்போது மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிதான் குற்றவாளி. தொட்டியில் கொஞ்சம் பேனா மையை ஊற்றிவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கீழே கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் நாளைக்குச் சில நூறு லிட்டர்கூடச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கலாம். அது ஒருவரின் ஒரு வாரப் பங்கு.

பிரஷரைக் குறைச்சு விடறாங்க. பள்ளத்துல இருக்கறவங்களுக்கு வருது, மேட்டுத் தெருவுக்கு வரவே இல்லை. நாங்க வரி கட்டலையா?

அழுத்தத்தைக் குறைத்தால் உடைந்த குழாய்களில் கசிவும் குறையும். உள்ளாட்சிக்கு இது சுலபமான வழி. எந்த வீட்டுக்கும் போக வேண்டாம், ஒரு வால்வைத் திருகினால் போதும். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் 2014, 2015-ல் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓட்டியது. விளைவு நீங்கள் சொன்னதேதான். குன்றுகளின் மேலும் ஊர்க் கடைசியிலும் இருந்த வீடுகளுக்கு மணிக்கணக்கில் தண்ணீர் ஏறவில்லை. அங்கே இருந்தவர்களில் ஏழைகள் அதிகம், அவர்கள் வீட்டில் பெரிய தொட்டியும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அழுத்தம் என்பது கேட்கச் சமம் போல இருக்கும், தண்ணீர் பள்ளத்தைத்தான் பார்க்கும்.

இதற்கு மாற்று, ஊரை மேடு, பள்ளம் என்று வால்வு போட்டுப் பிரித்து முறைவைத்து விடுவது. மேட்டுப் பகுதிக்கு விடும்போது பள்ளத்து வால்வை அடைக்க வேண்டும். நேரமும் கூட வேண்டும், ஏனென்றால் குழாய் நிரம்பி ஏறுவதற்கே அரை மணி போய்விடும். உங்கள் தெருவில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம் இரண்டையும் பத்து நாள் எழுதிக்கொண்டு வாருங்கள். "வரவே இல்லை" என்ற புகாரைத் தள்ளிவிடுவார்கள். பத்து நாள் கணக்கைத் தள்ளிவிட முடியாது.

முறை வந்ததும் சிலர் குழாய்லயே நேரா மோட்டார் போட்டு உறிஞ்சறாங்களே?

அநேகமாக எல்லா இடத்திலும் தடை செய்யப்பட்டது. அவர் உறிஞ்சுவது பக்கத்து வீட்டுப் பங்கு. அது மட்டுமா? குழாய்க்குள் வெற்றிடம் உண்டானால், விரிசல் வழியாக வெளியே நிற்கும் சாக்கடை நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் முதலில் போவது அவர் வீட்டுக்கேதான். இதைச் சொன்னபோது இரண்டு பேராவது மோட்டாரைக் கழற்றியிருக்கிறார்கள்.

மூணு நாளைக்கு ஒரு தடவை விடறப்போ முதல்ல கலங்கலா வருது. குடிக்கலாமா?

முதலில் வருவதைக் குடிக்க எடுக்காதீர்கள். குழாய் காலியாகக் கிடந்த நேரத்தில் உள்ளே என்ன இறங்கியிருக்கும் என்பதை மேலே சொன்னேன். முதல் இரண்டு வாளியைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் ஒதுக்கிவிட்டு, தெளிந்த பிறகு பிடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். தெளிவாக வந்தாலும் கொதிக்கவைப்பது நல்லது. காலிக் குழாயில் காற்று வரும்போது சில மீட்டர்கள் வேகமாகச் சுழலும். குழாயைத் திறந்தே வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள், காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரிடும்.

இன்னொன்று. மூன்று நாளைக்குச் சேமிப்பதென்றால் வீடு முழுக்கப் பாத்திரம் நிறைந்திருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் இஷ்டம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். இறுக்கமாக மூடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டியிருப்பது சுவரில்தான். கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடலாம்.

என் நிலம், என் காசு, நான் போட்ட போர். அதுக்கும் விதியா?

அதிகக் கோபத்தோடு வந்த கேள்வி இது. போர் உங்களுடையது. கீழே இருக்கும் தண்ணீர் உங்கள் வேலியோடு நின்றுவிடாது. நீங்கள் 800 அடிக்குப் போட்டு இழுத்தால், பக்கத்துக்காரரின் 60 அடிக் கிணறு வற்றும். அவர் 1000 அடிக்குப் போவார். கடைசியில் எல்லாரிடமும் ஆழமான ஓட்டை இருக்கும், தண்ணீர் இருக்காது. கேப் டவுனில் போர் வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்து, வாசலில் அடையாளப் பலகையும் மாட்ட வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு அந்தத் தண்ணீரை விடுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது.

மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் கிராமம் இதில் எல்லாருக்கும் முன்னால் போனது. 1990-களில் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக இருந்தபோது, பாசனத்துக்குப் போர் போடக் கூடாது, கரும்பும் வாழையும் வேண்டாம் என்று ஊரே கூடி முடிவெடுத்தது. மழைக்காலம் முடிந்ததும் கிணறுகளின் மட்டத்தை அளக்கிறார்கள். ஆளுக்கும் மாட்டுக்கும் குடிக்க முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு என்ன பயிர் வைக்கலாம் என்று கிராம சபையில் கணக்குப் போடுகிறார்கள். மழை குறைந்த வருடம் இரண்டாம் பயிர் சுருங்கும். கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தின் அளவு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். மேலிருந்து வந்த அதிகாரி சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

லாரித் தண்ணி வர்ற இடத்துல அடிதடி. இதுக்கு ஒரு ஒழுங்கு கிடையாதா?

மகாராஷ்டிராவின் லாத்தூரில் 2016 மார்ச்சில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடாமலிருக்க 144 தடை உத்தரவே போட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். போலீஸ் வந்து நிற்கிறது என்றால் பங்கீடு ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

பேரிடர் நிவாரணத்தில் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல்கள் உண்டு. ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வரிசையில் நிற்பது அரை மணிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பகுதியில் சண்டை நின்றது டோக்கனால் அல்ல. லாரி எப்போது வரும், எத்தனை லிட்டர், எந்தெந்த நிறுத்தம் என்று முந்தின நாளே சுவரில் எழுதிவைக்கத் தொடங்கிய பிறகு பாதிச் சண்டை தானாக அடங்கியது. லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது, குளோரின் போட்டார்களா என்பதும் ஓட்டுநரின் சீட்டில் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், கேட்பதற்கு உரிமை இருக்கிறது. தனியார் லாரியை வாங்கும் பெரிய குடியிருப்புகள் பங்கீட்டிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த லாரி நிரம்புவதும் யாரோ ஒருவருடைய நிலத்தடி நீரால்தான்.

விவசாயத்தை நிறுத்திட்டு நகரத்துக்குத் தண்ணி கொண்டு போறாங்க. நாங்க எல்லாம் மனுஷங்க இல்லையா?

குடிநீர் முதலில் என்பது பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. ஆனால் குடிநீர் வேறு, நகரத்தின் தண்ணீர் வேறு. நகரத்துக்கு வருவதில் குடிக்கும் பங்கு சின்னது, மீதியில் நீச்சல் குளமும் புல்வெளியும் இருக்கின்றன. அவற்றை நிறுத்திய பிறகே வாய்க்காலை அடைக்க வேண்டும். கேப் டவுன் நெருக்கடியில் 2018 பிப்ரவரியில் குரோன்லாந்து பகுதி விவசாயிகள் சங்கம் தங்கள் அணைகளிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தது. பயிர்த் தேவை முடிந்த பருவத்தில், அவர்களே முடிவெடுத்து விட்டது அது. பறித்தது அல்ல.

வாய்க்கால் பங்கீட்டில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் சண்டை புதிதல்ல. ஸ்பெயினின் வாலன்சியாவில் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் வியாழன்தோறும் நண்பகலில் தேவாலய வாசலில் கூடி, தண்ணீர் வழக்குகளை அங்கேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். வக்கீல் கிடையாது, நூற்றாண்டுகளாக நடக்கிறது. மகாராஷ்டிராவில் விலாஸ்ராவ் சாளுங்கே 1970-களில் தொடங்கிய பாணி பஞ்சாயத்து இன்னும் துணிச்சலானது. நிலத்தின் அளவுக்கு இத்தனை என்று இல்லாமல் தலைக்கு இத்தனை என்று தண்ணீரைப் பங்கிட்டார்கள். நிலமே இல்லாதவருக்கும் பங்கு உண்டு, கரும்புக்குக் கிடையாது. உங்கள் பாசன சபை அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நிலத்துக்கா ஆளுக்கா என்ற கேள்வியையாவது ஒருமுறை கூட்டத்தில் எழுப்புங்கள்.

நான் போன வருஷமே பாதியாக் குறைச்சுட்டேன். இப்ப எல்லாரும் 20 சதவீதம் குறைங்கன்னா, வீணடிச்சவனுக்குத்தானே லாபம்?

சரியான கேள்வி. சதவீத விதியின் ஓட்டையே இதுதான். 400 லிட்டர் செலவழித்தவர் புல்லுக்கு விடுவதை நிறுத்தினாலே 20 சதவீதம் குறைந்துவிடும். 80 லிட்டரில் வாழ்பவர் எதைக் குறைப்பார்? கலிஃபோர்னியா 2015-ல் மாநிலம் முழுக்க 25 சதவீதக் குறைப்பு என்று உத்தரவிட்டபோது, ஏற்கெனவே ஆளுக்குக் குறைவாகச் செலவிட்ட ஊர்களுக்குச் சிறிய இலக்கும், அதிகம் செலவிட்ட ஊர்களுக்கு 36 சதவீதம் வரையும் வைத்தது. ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று நேராகச் சொல்லும் விதி இன்னும் சுத்தம், அதற்கு வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டும் என்றாலும். உங்கள் ஊரில் சதவீத விதிதான் என்றால், எந்த வருடத்தை அடிப்படையாக வைக்கிறார்கள் என்று கேளுங்கள். வறட்சிக்கு முந்தின வருடமாக இருந்தால் உங்கள் பழைய குறைப்பும் கணக்கில் வரும்.

குறைங்கன்னு சொன்னாங்க, குறைச்சோம். இப்ப கட்டணத்தை ஏத்திட்டாங்க. இது துரோகம் இல்லையா?

துரோகம் மாதிரித்தான் இருக்கும். நடப்பது இதுதான்: குழாய், பம்பு, ஊழியர் சம்பளம் எல்லாம் தண்ணீர் குறைந்தாலும் குறையாத செலவு. விற்கும் லிட்டர் பாதியானால் வருமானம் பாதியாகும், செலவு அப்படியே நிற்கும். கேப் டவுன் இந்தப் பள்ளத்தை நிரப்ப, சொத்து மதிப்பைப் பொறுத்து ஒரு வறட்சி வரி போடப் பார்த்தது. எதிர்ப்பு குவிந்ததும் 2018 ஜனவரியில் கைவிட்டது. கலிஃபோர்னியாவின் சான் யுவான் காபிஸ்ட்ரானோ நகரம் அதிகம் எடுப்பவருக்கு ஏறிக்கொண்டே போகும் அடுக்குக் கட்டணம் வைத்தது. அந்தந்த அடுக்குக்கு உண்மையில் ஆகும் செலவைக் காட்டவில்லை என்று 2015-ல் நீதிமன்றம் அதைத் தள்ளியது.

வறட்சி நிலையை அறிவிக்கும் அன்றைக்கே, கூடுதல் கட்டணம் எவ்வளவு, எந்த நிலை நீங்கியதும் எடுப்போம் என்று சேர்த்தே சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு. பிறகு சொல்வதால்தான் கசக்கிறது.

அபராதம் போட்டா பணக்காரன் கட்டிட்டுப் போறான். ஏழைக்குத்தானே வலிக்குது?

ஆமாம். அதனால் அபராதத்தோடு நிறுத்தக் கூடாது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்கும் மேலே போனால் தண்ணீரின் அளவையே கட்டுப்படுத்துவது என்று படிப்படியாக ஏற வேண்டும். பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற அமைப்புகளில் இந்தப் படிப்படியான தண்டனை இருந்ததைக் காட்டியிருக்கிறார். அளவுக்கு மீறி எடுத்த வீடுகளில் கேப் டவுன் ஒரு கருவியைப் பொருத்தியது. நாளைக்கு 350 லிட்டர் ஆனதும் குழாய் நின்றுவிடும். அதைக் காசு கொடுத்துத் தாண்ட முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் விதியை மீறறார். போட்டோ எடுத்து குரூப்ல போடலாமா?

போடாதீர்கள். அவர் ஊற்றுவது குளித்த தண்ணீராக இருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம். நோட்டில் இருக்கும் இப்படிப்பட்ட புகார்களில் பலவற்றின் வேர் பழைய சுவர்த் தகராறு. விதி மீறல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள், மிச்சம் அவர்கள் வேலை.

கேப் டவுன் 2018 ஜனவரியில் ஒரு வரைபடம் வெளியிட்டது. அளவுக்குள் இருந்த வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி. மீறியவர்களுக்குச் சிவப்புப் புள்ளி எதுவும் வைக்கவில்லை. தெருவில் எத்தனை பேர் குறைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டியது. இதற்கும் தனியுரிமை ஆட்சேபம் வந்தது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. வீடுவீடாக இல்லாமல் தெருவாரியாகக் காட்டினாலே போதும் என்பது என் எண்ணம்.

அதான் மழை கொட்டித் தீர்த்துடுச்சே. விதியை ஏன் இன்னும் எடுக்கல?

ரெண்டு நாள் மழையில் காய்ந்த மண்தான் முதலில் குடிக்கும். ஏரிக்கு வருவது பிறகு, நிலத்தடிக்கு இறங்குவது அதற்கும் பிறகு. ஏறும்போது நிலை நிலையாக ஏறியது போல இறங்கும்போதும் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். கேப் டவுனில் அந்த வருட மழைக்குப் பிறகு அணைகள் 70 சதவீதத்தைத் தாண்டியும், 2018 அக்டோபரில் 50-லிருந்து 70 லிட்டருக்கும், டிசம்பரில் 105-க்கும்தான் தளர்த்தினார்கள். எந்த மட்டத்தில் எந்த விதி போகும் என்பது அறிவிப்பிலேயே இருக்க வேண்டும், முதல் கேள்வியில் சொன்ன அதே கோடுதான். இல்லாவிட்டால் இன்றைய நீர்மட்டம் என்ன, எந்த மட்டத்தில் எடுப்பீர்கள் என்று இரண்டு எண்களை எழுத்தில் கேளுங்கள். அதற்குள் மொட்டைமாடிக் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிடுங்கள், அடுத்த மழை தொட்டிக்குப் போகட்டும்.